மருமகள் கொடுத்த காபி மெஷின்

“பிடிச்சிருக்கா மாமா? அப்ப எடுத்துக்குங்க. உங்களுக்குத்தான்,” என்றாள் மெலிகா.

நௌசருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

புது மருமகள் வீட்டுக்கு முதல்முறையாக வந்தவர் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா? எதிரே காபி மெஷின் பளபளவென்று நின்றது. “அழகா இருக்கும்மா” என்றார். அவ்வளவுதான். மற்றபடி அவருக்கு டீ இல்லாமல் பொழுது விடியாது. காபி என்றாலே சாவு வீடுதான் ஞாபகம் வரும்; அவர் ஊரில் துக்கம் கேட்க வந்தவர்களுக்குத்தான் காபி கொடுப்பார்கள்.

தெஹ்ரானில் வேறு எந்த வீடாக இருந்தாலும் கவலையில்லை. ஒருவர் புகழ்வார். வீட்டுக்காரர் ‘உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க’ என்பார். ‘ஐயோ, வேண்டவே வேண்டாம்’ என்று புகழ்ந்தவர் நெஞ்சில் கை வைப்பார். பொருள் இருந்த இடத்தை விட்டு அசையாது. எல்லாம் உபசார வார்த்தை.

ஆனால் இவள் ஹாம்பர்க்கில் பிறந்து வளர்ந்தவள். மத்தியானம் என்ன ஆயிற்று? இரண்டாம் தடவை சோறு போட வந்தவளிடம், “போதும்மா” என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். சரி என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்! அடியில் பொன்னிறமாக முறுகியிருந்த சோறும் அதோடு போயிற்று. பாவி மனுஷன் அரை வயிற்றோடு கை கழுவினார்.

உடனே மகன் சியாமக் அவரைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான். “அப்பா, உங்க உபசாரத்தையெல்லாம் இவகிட்ட வச்சுக்காதீங்க. மனசுல இருக்கறதத்தான் வாயில சொல்லுவா. குடுத்தா பேசாம வாங்கிக்குங்க. வேணாம்னா நிஜமாவே பிடிக்கலைன்னு நினைச்சுப்பா.”

சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவுகிறேன் என்று சமையலறைக்குள் போனான். அங்கே அவளோடு வெகுநேரம் குசுகுசுவென்று பேச்சு.

மனைவி போன பிறகு நௌசருக்கு இருப்பது இந்த ஒரு பையன்தான். மருமகள் மனம் கோணினால் இவனும் மூட்டை கட்டிக்கொண்டு ஹாம்பர்க் போய்விடுவான். அப்புறம் ஃபோனில் முகம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாங்கினால் கொள்ளை. வேண்டாம் என்றால் பையன் போச்சு.

“சரிம்மா. ரொம்ப சந்தோஷம். எடுத்துக்கறேன்.”

சியாமக்குக்கு டீ புரையேறியது.

மெலிகா ஒரு துண்டு கொண்டுவந்து, கைக்குழந்தையைச் சுற்றுவதுபோல் மெஷினைச் சுற்றிக் கொடுத்தாள். காபித்தூள் பொட்டலத்தையும் மேலே வைத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். மாமனார் மேல் எவ்வளவு பாசம் பாரேன் என்று நௌசர் உருகிப் போனார்.

வெளியே லிஃப்டுக்காக நின்றபோது, சரியாகச் சாத்தாத கதவு வழியே அவள் குரல் கேட்டது.

“நீதானே சொன்ன! எதப் புகழ்ந்தாலும் எடுத்துக்குங்கன்னு சொல்லணும், அவர் மூணு தடவை வேணாம்பாருன்னு! ஒரு தடவகூடச் சொல்லலியே மனுஷன்!”

நௌசருக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பிப் போய்க் கொடுத்தால், அவர் காதில் விழுந்தது தெரிந்துவிடும். பெண் வெட்கத்திலேயே செத்துப்போவாள். லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடியது, போய்விட்டது. அவர் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே நின்றார்.

அப்போதுதான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை இருவரும் அவர் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள்!

வெள்ளிக்கிழமை, நுழைந்ததும் கண்ணில் படும்படி மெஷினைக் கூடத்து நடுவில் வைத்தார். ‘நல்லா இருக்கு’ என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும், ‘உனக்குத்தாம்மா’ என்று கையிலேயே திணித்துவிடலாம்.

மெலிகா வந்தாள். கம்பளத்தைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், மெஷினையும் பார்த்தாள். வாயே திறக்கவில்லை.

நௌசருக்குப் பொறுக்கவில்லை. “அந்த மெஷின் எப்படி இருக்கும்மா?”

“உங்க வீட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மாமா. எனக்கு இப்பல்லாம் டீதான் பிடிக்குது,” என்றாள் மெலிகா, மெஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

போச்சு. ஒரே வாரத்தில் பெண் சுத்தத் தெஹ்ரான்காரி ஆகிவிட்டாள்.