மூன்று பழம் மிச்சம்

கடலோரப் புன்னை மரத்துப் பொந்தில் ஓர் அணில் குடியிருந்தது. அதே மரத்தின் வேர் இடுக்கில் ஒரு நத்தை இருந்தது. கோடைப் புழுக்கம் தாங்காமல், பொந்தில் ஏசி மாட்ட அணில் மரங்கொத்தியைக் கூப்பிட்டது.

“ஏசி இருபது பழம். மாட்டுற கூலி அஞ்சு. வெளியே வர்ற அனலை மர உச்சிக்கு ஏத்த ஒரு குழாய் போடணும். அதுக்கு மூணு பழம் தனி” என்றது மரங்கொத்தி.

“குழாய் வேண்டாம், அனலைக் கீழேயே விடு. அங்கே நத்தை மட்டும்தானே இருக்கு” என்றது அணில்.

மூன்றாம் நாள் கீழேயிருந்து நத்தை கூப்பிட்டது. “அணிலண்ணே, அனல் நேரா என் மேலதான் அடிக்குது. உடம்பு காயுது. அந்தக் குழாயைப் போடக் கூடாதா?”

“வீட்டையே முதுகுல வெச்சிருக்கே. தள்ளிப் போயேன்.”

“சுத்திலும் காஞ்ச மணல். ஈரமில்லாம என்னால ஊர முடியாதுண்ணே. மழை வர்ற வரைக்குமாவது...”

“கதவைத் திறந்து வெச்சுப் பேசினா குளிர் வீணாப் போகுது” என்று அணில் கதவைச் சாத்திக்கொண்டது.

பத்து நாள் கழித்து ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி, அணில் சேர்த்து வைத்திருந்த பழங்களை நனைத்தது. மரங்கொத்தி வந்து பார்த்தது.

“புழுக்கக் காலத்துல சொட்டத்தான் செய்யும். அடியில ஒரு கிண்ணம் வைக்கணும். ரெண்டு பழம் ஆகும்.”

அணில் வெளியே எட்டிப் பார்த்தது.

“அதுக்கு எதுக்கு ரெண்டு பழம்? கீழே ஒரு ஓடு சும்மாத்தான் கிடக்கு.”

மரங்கொத்தி இறங்கிப் போய் அதைக் கொண்டுவந்தது. உள்ளே ஒட்டியிருந்த காய்ந்த தோலைத் தட்டிவிட்டு, ஏசிக்கு அடியில் நிமிர்த்தி வைத்தது. மாலைக்குள் அந்த ஓடு விளிம்பு வரை தண்ணீரால் நிரம்பிவிட்டது.