கடைசி வரிசையில் ஆம்புரோஸ்

வலேரியோடு ஈப்போ ஊராட்சி மன்றத்தில் வேலை பார்த்த ஆம்புரோஸ், ஒரு வெள்ளத்தில் வாய்க்கால் அடைப்பை எடுக்கப் போய்ப் பிணமாகத்தான் கிடைத்தான். மறுவருடம் ஊராட்சி மன்றங்களின் இடர் மேலாண்மை ஆண்டு மாநாடு தொடங்கியது. பழைய மண்டபத்தில் நடந்தது, பிறகு பெரிய ஹோட்டலுக்கு மாறியது. எங்கே நடந்தாலும் கடைசி வரிசையில் நனைந்த சட்டையோடு அவன் உட்கார்ந்திருப்பான். வலேரி தேநீர் வைப்பாள். அவன் பேசியதில்லை.

இவ்வருடம் மாநாடு இணையத்துக்கு வந்தது. புந்தோங் வீட்டில் கணினி முன் அமர்ந்த வலேரி, இனி அவன் வர இடமில்லை என்று நினைத்தாள். வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. முதுகுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது.

“தண்ணி ஏறுதுக்கா. போலாம் லா.”

வெளியே நல்ல வெயில்.

“கேட்டப் பூட்டவா?” என்றாள்.

“வேணாங்க்கா.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.