மகிழ்ச்சி வாரம்

"இன்னாம்மா, லைன்ல நின்னுகினு அழுவுற? இது வேலை செய்யற எடமா, எழவு வூடா?"

சூப்பர்வைசர் டில்லிபாபு கத்திய கத்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலைக்கு மேலே புது பேனர் தொங்கியது: 'மகிழ்ச்சி வாரம். உங்கள் மனசு, எங்கள் பொறுப்பு.'

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வயரை எடுத்தாள்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி அது. இசைவாணி இருந்த லைனுக்கு எப்போதும் செகண்ட் ஷிப்ட்தான். மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனால் வீடு திரும்ப நடுராத்திரி ஆகிவிடும். புருஷன் செத்து ஒரு வருஷம். வாலாஜாபாத்தில் ஏழு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாகக் கிடக்கிறாள். அதை நினைத்து நினைத்தே இவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லி எச்.ஆர். சத்யப்பிரியாவிடம் மூன்று முறை போனாள். மேடம் தங்கமானவர். ஒருமுறைகூட நிற்க வைத்துப் பேசியதில்லை. முதல் முறை மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அடுத்த முறை கையில் வைத்துப் பிசைய ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். மூன்றாம் முறை ஒரு தொட்டிச் செடி.

"ஷிப்ட் மட்டும் என் கையில இல்லப்பா. கமிட்டிக்கு அனுப்பியிருக்கேன். பாசிட்டிவா இருங்க."

அந்தக் கமிட்டி எப்போது கூடும் என்று கமிட்டிக்கே தெரியாது. ஆனால் செடியும் கையுமாக இசைவாணியைப் போட்டோ பிடித்து, 'அன்பான பணியிடம்' விருதுக்கான விண்ணப்பத்தில் மறக்காமல் சேர்த்துவிட்டார்கள்.

கத்தியதோடு டில்லிபாபு நிறுத்தவில்லை. அன்றே எழுதியும் கொடுத்தார்: 'சொன்ன பேச்சு கேட்பதில்லை. என் லைனுக்கு வேண்டாம். தண்டனையாக பேக்கிங்குக்கு மாற்றவும்.'

பேக்கிங் என்றால் அந்தக் கம்பெனியில் தண்ணியில்லாத காடு. நாள் முழுக்க அட்டைப்பெட்டி தூக்கி இடுப்பு கழன்றுவிடும். பத்தே நிமிஷத்தில் சத்யப்பிரியா கையெழுத்துப் போட்டு ஆர்டர் வந்துவிட்டது.

கூடவே மேடம் டில்லிபாபுவையும் கூப்பிட்டு ஒரு மெமோ கொடுத்தார்.

"பெண் தொழிலாளர்கிட்ட இப்படியா பேசறது சார்? சனிக்கிழமை 'அன்பாகப் பேசுவது எப்படி'ன்னு கிளாஸ் வெச்சிருக்கோம். நீங்க முதல் வரிசையில உக்காரணும்."

"சரிங்க மேடம்."

கேன்டீனில் பக்கத்து டேபிளுக்குக் கேட்கும்படியே சொன்னாள் கலைமணி, இசைவாணியோடு ஒரே லைனில் வேலை செய்பவள். "புருஷன் இல்லாத பொண்ணுகிட்ட வீரத்த காட்றான் பாரு. உருப்படுவானா இவன்?"

பக்கத்து டேபிளில் டில்லிபாபு தலை நிமிராமல் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இசைவாணியால் பொறுக்க முடியவில்லை. ஆர்டரை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

"சார், என்னைக்கு நான் உங்க பேச்ச கேக்காம இருந்தேன்? எதுக்கு சார் இப்டி பொய் எழுதினீங்க?"

டில்லிபாபு சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பேக்கிங்குக்கு ஒரே ஷிப்ட்தாம்மா. காலைல எட்டரைக்கு வந்தா சாயங்காலம் அஞ்சுக்கு கம்பெனி பஸ் ஏறிடலாம். பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வரலாம். இருட்டறதுக்குள்ள வூடு போய்ச் சேந்துடலாம்."

இசைவாணி கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள்.

"உன் பைல்ல ஒரு வார்னிங் கெடக்கும். அத மட்டும் பொறுத்துக்கோ."

"இத நேராவே எழுதியிருக்கலாமே சார்?"

"நாலு தடவ எழுதினேம்மா. உதவின்னு எழுதினா கமிட்டிக்குப் போவுது. தண்டனைன்னு எழுதினாத்தான் இங்க ஒடனே கெடைக்குது."