பாதியில் மாறிய சிவப்பு

கடைச் சுவரில் இரண்டு கம்பளங்கள் அடுத்தடுத்துத் தொங்கின. ஒன்று மெஷினில் நெய்தது. மற்றது பாரசீக மலைகளில் ஆடு மேய்க்கும் குல்நாஸ் என்ற பெண் கையால் நெய்தது.

"உன் சிவப்பு பாதியில வெளுத்துக் கிடக்கே. அதைப் பார்த்துத்தான் வர்றவங்க எல்லாம் திரும்பிப் போறாங்க" என்றது மெஷின் கம்பளம்.

"வெளுக்கலை. பனி கொட்டினதும் என்னைத் தறியோட சுருட்டிக் கழுதை மேல ஏத்தி மலையிறங்கினா குல்நாஸ். வழியிலயே பிள்ளை பெத்தா. இறங்கின இடத்து வேரைப் பிடுங்கி, அந்த ஊர்த் தண்ணியில சாயம் காய்ச்சினா. சிவப்பு வேற மாதிரி வந்துச்சு. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, விட்ட முடிச்சுலேருந்து நெய்ய ஆரம்பிச்சா."

மெஷின் கம்பளம் தன்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டது. ஒரே சிவப்பு.

"என்னை நெய்த ஒன்பது நிமிஷத்துல ஒண்ணுமே நடக்கலையே" என்றது.