கீறல் விழுந்த சோபா

கோமளா வீட்டில் ஒரு நீல சோபா இருந்தது. விருந்தாளிகளுக்கென்று வாங்கியது. அழுக்காகிவிடும் என்று வீட்டார் யாரையும் அவள் அதில் உட்காரவிடுவதில்லை. எல்லாரும் தரையில்தான் உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் வீட்டுப் பூனை சுண்டு, சோபாவின் கைப்பிடியில் நகம் தீட்டி, துணியை நார்நாராகக் கிழித்துவிட்டது.

"படுபாவி, என் அழகே போச்சு! உன் நகத்தையெல்லாம் எடுத்தாதான் அடங்குவே!" என்று கத்தியது சோபா.

"நகம் இல்லாம நான் எப்படி மரம் ஏறுவேன்?" என்று கேட்டுவிட்டு, சுண்டு மேசைக்கடியில் பதுங்கியது.

கிழிசலைப் பார்த்த கோமளாவும் நகத்தை எடுத்துவிடலாம் என்றாள். அவள் கணவன் சந்தானம் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டான். பேசி முடித்தபோது அவன் முகம் வாடியிருந்தது.

"வெறும் நகம் இல்லையாம், கோமளா. ஒவ்வொரு விரல் நுனியையும் எலும்போட வெட்டணுமாம்."

"ஐயையோ, வேண்டவே வேண்டாங்க!"

கோமளா பூனையை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "இதுதான் கிழிஞ்சாச்சே. இனிமே பொத்திப் பொத்தி வச்சு என்ன பண்றது? எல்லாரும் வந்து உட்காருங்க."

சந்தானம் தொப்பென்று உட்கார்ந்தான். மகள்கள் இருவரும் கையில் முறுக்கோடு ஏறிக் குதித்தார்கள். சோபாவின் ஸ்பிரிங்குகள் முதல்முறையாகக் கிறீச்சிட்டன. அதன் உடம்பெல்லாம் இதமான சூடு பரவியது.

"ரொம்பக் கனமா இருக்கா?" என்று மெல்லக் கேட்டது சுண்டு.

"இருக்கு," என்றது சோபா. "ஆனா யாரையும் எழுந்து போக வச்சுடாதே."