வடக்குக் கம்பத்தின் காவல்

லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயித்தால்தான் சொந்த அணி முதல் டிவிஷனில் தங்கும். டிரா ஆனாலும் கீழே இறங்கவேண்டியதுதான். வடக்குக் கோல்கம்பம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. முதல் பாதியில் எதிரணி அடித்த இரண்டு பந்துகளை அதுதான் நெஞ்சைக் கொடுத்துத் தடுத்திருந்தது.

இடைவேளை முடிந்ததும் வலை, "அண்ணே, ஒரு விஷயம்..." என்று இழுத்தது.

"ஆட்டத்துல என்னடா பேச்சு? பொத்திக்கிட்டு நில்லு!"

கடைசி நிமிடம்வரை ஒரு கோலும் விழவில்லை. அப்போது பந்து சீறிக்கொண்டு வந்தது.

"இந்த ஒரு தடவை விட்டுடுங்கண்ணே!" என்று வலை கெஞ்சியது.

"எங்கிட்டயே பேரமா?" என்று கம்பம் விலாவைக் காட்டியது. டங்! பந்து வெளியே போனது; விசில் ஊதிவிட்டார்கள்.

கைதட்டலுக்குக் காத்திருந்தது கம்பம். மைதானம் இழவு வீடாகக் கிடந்தது.

"இடைவேளைக்கப்புறம் பக்கம் மாத்திட்டாங்கண்ணே," என்றது வலை. "அடிச்சது நம்ம பையன்."

கம்பம் வலையை முறைத்தது. "ஏண்டா, அதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"