மணிக்கூண்டு

கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் வாய்விட்டுக் கேட்டது இந்தப் பயணம் ஒன்றுதான். போட்டோ ஸ்டுடியோக்காரரால் தட்ட முடியவில்லை.

மனைவி அந்தப் பழைய நகரத்தின் வரைபடத்தை மேஜையில் விரித்தாள்.

"முதல் நாள் சிற்ப மண்டபம். மறுநாள் ஓவியக் கூடம். மூணாம் நாள் மணிக்கூண்டு. கேமராவை மறந்துடாதீங்க அத்தான்."

"மணிக்கூண்டு வேண்டாம். அத்தனை படி ஏற என் முழங்கால் தாங்காது."

"மேலேருந்து பாத்தா ஊரே காலடியில தெரியுமாம்."

"யாரு சொன்னா?"

"அக்காதான்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய அக்காதான் அவரது முதல் மனைவி. அந்த மணிக்கூண்டிலிருந்து விழுந்து செத்தவள். அவள் தனியாக ஏறினாள், நான் விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் போலீசிலும் வீட்டிலும் சொல்லியிருந்தார். மாமனாரும் அதை நம்பித்தான் இளையவளைக் கொடுத்தார். இவளும் மறுபேச்சு பேசாமல் கழுத்தை நீட்டினாள்.

"அக்கா எப்போ சொன்னா?"

"மேலேருந்து போன் பண்ணினப்போ." அவள் வரைபடத்தை நிதானமாக மடித்தாள். "'உங்கத்தான் போட்டோ எடுக்குறாருடி, இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்குறாரு, அப்புறம் பேசறேன்'னு வச்சுட்டா."